மாறிப் போயிருக்கும் என்றார்

செஞ்சியில் காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்புகிற வேலை எனக்கு. பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டாக்டராக இருக்கிறேன். மற்ற டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுக்கிற துளியை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பேன். "ஊசி போடறதில்ல, மருந்து எழுதறதில்ல, அப்புறம் இன்னா டாக்டரு நீ?" என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார். நோயாளியின் முகத்தை நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வயது, ஆணா பெண்ணா, எந்த உறுப்பு என்பதோடு ஒரு எண் வரும். அவ்வளவுதான்.

தொண்டூர் பக்கத்து அக்காவின் முகம் எனக்குத் தெரிந்துபோனதற்கு அந்தப் பஸ்தான் காரணம்.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். வெயிலில் கறுத்து இறுகிய கைகள். புருஷனை முன் சீட்டில் ஜன்னலோரம் தள்ளி உட்கார வைத்திருந்தார், வழியில் எங்கேயும் இறங்கிவிட முடியாதபடி. நான் போனில் லேபோடு பேசியதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆஸ்பத்திரியிலயா ம்மா இருக்கறீங்க?"

"ஆமாம்."

"எங்க ஊட்டுக்காருக்குத்தான் பாக்கணும். குடிச்சிக் குடிச்சிக் காலெல்லாம் வீங்கிப் போச்சி. ஈரல் அவ்ளோதான்னு அனந்தபுரத்துல ஒரு டாக்டரு சொல்லிட்டாரு. இன்னா மிச்சம் இருக்குதுன்னு பாத்துடலாம்னு இழுத்துனு போறேன்."

முன் சீட்டுக்காரர் திரும்பாமலே சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. டிரைவருக்குக் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கதை முழுவதையும் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் சொந்த நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள், தண்ணீர் இருந்தால் நெல். அவர் நல்ல டிராக்டர் டிரைவர். குடி அதிகமானதும் வண்டிக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரே மகள், கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் இருக்கிறாள். நிலத்தை இப்போது பார்த்துக்கொள்வது அக்காதான்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அவர்களை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு என் வேலைக்குப் போனேன். மத்தியானம் ஸ்கேன் டாக்டர் என் அறைக்கு வந்தார். நானும் அவரும் சேர்ந்து படித்தவர்கள். அவர் முகம் சரியில்லை.

"உங்க ஊர்க்காரங்களைப் பார்த்தேன். அந்த ஆளுக்கு ஈரல்ல கொழுப்பு இருக்கு, வீக்கம் இருக்கு. இப்ப குடியை விட்டா தேறிடுவார். கால் வீங்கினது பிரஷர் மாத்திரையால."

"அப்புறம் என்ன?"

"அந்த அம்மா, மூட்டை தூக்கினா வலது விலாவுக்குக் கீழ பிடிக்குதுன்னு சொன்னாங்க. வந்தது வந்தீங்க, படுங்க பார்த்துடலாம்னு சொன்னேன்." என் மேசையோரம் உட்கார்ந்தார். "ஈரல் சுருங்கிக் கரடுமுரடா இருக்கு. வலது பக்கம் ஒரு கட்டி."

அக்காவின் இரத்தத்தில் காமாலைக் கிருமி இருப்பதும் அடுத்த சில நாளில் தெரிந்தது. பி வகை. அது சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் ஈரலை அரிக்கும். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத பெண்ணின் ஈரலில் கட்டி வர அது போதும். கட்டி புற்றுநோய்தானா, வேறு ஏதாவதா என்று சி.டி. ஸ்கேனிலும் தெளிவாகத் தெரியவில்லை. ஊசி வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

ஊசி வைத்த அன்று நானே ஸ்கேன் அறைக்குப் போனேன். எடுத்த உடனே தடவினால் செல்கள் கெடாமல் இருக்கும். அக்கா மல்லாந்து படுத்து, சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரையில் பார்த்தபடியே டாக்டர் மெல்லிய நீள ஊசியை விலா எலும்புகளுக்கு இடையே இறக்கினார். ஊசி முனையில் வந்தது பெரும்பாலும் இரத்தம்தான். அதில் மணல் போலச் சில துணுக்குகள்.

"இன்னாம்மா, எதுனா வந்துதா?" என்றார் அக்கா, கூரையைப் பார்த்தபடியே.

"வந்திருக்குது."

"பாத்து எடுத்துக்கோங்க. இன்னொரு தபா குத்தாதீங்க."

சாயம் காய்ந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். ஈரலின் செல்கள் பார்க்க அழகாக இருக்கும். பலகோணமாக, கொஞ்சம் பெரிதாக, உள்ளே மாவு தூவியது போன்ற பரப்பு, நடுவில் வட்டமாக உட்கரு. அக்காவின் செல்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. உட்கரு கொஞ்சம் பெரிதோ என்று ஓர் இடத்தில் தோன்றும். அடுத்த இடத்தில் இல்லை என்று தோன்றும். ஈரலில் பிறக்கிற புற்றுநோயில் பெரிய சங்கடமே இதுதான். சிலருக்கு அது ஈரல் போலவே இருக்கும். வேறு உறுப்பிலிருந்து வந்து தங்கிய கட்டி என்றால் அந்நிய முகம் பளிச்சென்று தெரிந்துவிடும். இது வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போனது. நன்றாக இருப்பவற்றோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். அதிலும் சுருங்கிப்போன ஈரலில் நல்ல செல்களே கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். துணுக்குகளோ மிகக் குறைவு. அன்று மாலை வரை பார்த்தேன். புற்றுநோய் இல்லை என்று இருக்கட்டுமே என்ற ஆசை எனக்குள் இருந்தது. அதனாலேயே என் கண்ணை நான் நம்பவில்லை.

"ஈரல் செல்கள் தெரிகின்றன. இந்தச் சிறு மாதிரியை வைத்துப் புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மறுபடி எடுக்க வேண்டும்" என்று எழுதினேன்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் நேராக என் அறைக்கு வந்தார். அன்று அவரிடம் சாராய வாசனை இல்லை. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே அவர் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காகிதத்தை மேசைமேல் வைத்து, யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த வரியை விரலால் காட்டினார்.

"ஈரல் செல்லுதான் இருக்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அவ ஈரல் நல்ல ஈரல்னுதான அர்த்தம்?"

"அப்படி இல்லண்ணா. கட்டி இருக்கிற இடத்துல எடுத்தது. ஆனா கொஞ்சமாத்தான் வந்தது..."

"மாறிப் போயிருக்கும் டாக்டரம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின்ல எடுத்தாங்க. எனக்கு எடுத்துட்டு அடுத்தாப்ல அவளுக்கு. அந்தப் படம் எனுது. பேர மாத்திப் போட்டுட்டாங்க. அவ ஒரு நாளு குடிச்சதில்ல, ஒரு வெத்தல போட்டதில்ல. அவளுக்கு எப்டிம்மா வரும்? குடிச்சவன் நானு."

"ஸ்கேன் டாக்டர் அவங்க உடம்புல வெச்சிப் பார்த்துதான் சொன்னார். நேரா பார்த்தது, மாற முடியாது."

"அப்ப இங்க மாறியிருக்கும். இந்தக் கண்ணாடி மாறியிருக்கும்."

எங்கள் லேபில் ஸ்லைடுகளுக்குப் பொறுப்பான பெண் அந்த நேரம் உள்ளேதான் இருந்தாள். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதற்காகத் தினமும் நாலு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறப்பாள். அதற்காக ஒருநாளும் வேலையை விட்டுவிட்டுப் போனதில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாத்தறதுக்கு எனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?" என்று அக்காவின் ஸ்லைடை எடுத்து வந்து, அவர் எதிரில் வெளிச்சத்தில் பிடித்தாள். "பாருங்க. கண்ணாடியிலயே கீறி எழுதியிருக்குது. அழிச்சாக்கூடப் போவாது. உங்க நம்பரு எங்ககிட்ட இல்லவே இல்ல. உங்களுக்கு ஊசியே வெக்கலியே, எத எதோட மாத்துவேன்?"

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அப்ப எனக்கும் வெச்சிப் பாருங்க. எனக்கும் குத்துங்க. எங்க வேணாலும் குத்துங்க."

எதிரில் நிற்கிற மனிதர் தனக்குப் புற்றுநோய் இருக்க வேண்டும் என்று கெஞ்சுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டி இல்லாத ஈரலில் ஊசி வைக்க முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நகரவில்லை. கடைசியில் ஸ்கேன் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கோபப்படாமல் இன்னொரு முறை படுக்க வைத்து நிதானமாகப் பார்த்தார். திரையை வீட்டுக்காரர் பக்கம் திருப்பியும் காட்டினார்.

"கொழுப்புதான். கட்டி எதுவும் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்க."

"ஒண்ணுமே இல்லியா சார்? இன்னொரு தபா நல்லா பாருங்க."

"ஒண்ணுமே இல்ல."

எழுந்து உட்கார்ந்தார். வயிற்றில் தடவிய பசையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே சட்டையைப் போட்டுக்கொண்டார். லேபுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பெண் என்னிடம், "பாவம் மேடம், நான் அப்டிக் கத்தியிருக்கக் கூடாது" என்றாள்.

மறுபடி ஊசி வைக்க உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அக்கா வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் கண்ணில் பட்டார். கேட்டதற்கு, "மல்லாட்ட புடுங்கற நேரம்மா. மழ புடிச்சிக்கிச்சின்னா எல்லாம் மண்ணுலயே மொளச்சிடும். ஆளு கெடைக்கல. புடுங்கிப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். சீக்கிரம் வாருங்கள் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த வருஷம் மல்லாட்டை நன்றாகக் காய்த்திருந்தது.

ஐப்பசிக் கடைசியில் வந்தார். முகம் இளைத்திருந்தது, கண் லேசாக மஞ்சளித்திருந்தது. இந்த முறை துணுக்குகள் நிறையக் கிடைத்தன. ஸ்லைடில் தடவியது போக, ஊசியைக் கழுவிய திரவத்தில் மிஞ்சியவற்றைத் திரட்டி, மெழுகில் பதித்து, சீவிப் பார்த்தோம்.

முதலில் ஸ்லைடு. தனித்தனியாகக் கிடந்த செல்கள் இப்போதும் சாதுவாகத்தான் இருந்தன. ஆனால் பெரிய துணுக்குகளில் செல்கள் அடுக்கடுக்காகத் தடித்த கயிறுகள் போலத் திரண்டிருந்தன. ஒவ்வொரு கயிற்றையும் மெல்லிய இரத்தக் குழாய்ச் செல்கள் ஓரத்தில் சுற்றியிருந்தன. நல்ல ஈரலில் ஒன்றோ இரண்டோ செல் அகலத்துக்கு மேல் கயிறு தடிக்காது. உடலை இழந்த வெறும் உட்கருக்கள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. மெழுகுச் சீவலுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றினோம். நல்ல ஈரலில் அந்தச் சாயம் செல்களைத் தாங்குகிற நார் வலையைக் கறுப்புக் கோடுகளாகக் காட்டும். அக்காவின் ஈரலில் வலை அறுந்து அறுந்து, பல இடங்களில் இல்லவே இல்லை. அதைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மேல்சித்தாமூர்ப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கேட்காமலே புரிந்துகொண்டு போய்விட்டாள். அன்று நாலு மணிக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

ரிப்போர்ட் கையெழுத்தானதற்கு மறுநாள் மாலை, திரும்பும் பஸ்ஸில் அக்கா ஏறினார். இரத்தப் பரிசோதனைக்குத் தனியாக வந்திருந்தாராம். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து சீத்தாப்பழம் எடுத்து என் மடியில் வைத்தார்.

"எனக்குத்தான ம்மா?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. அந்த நோய் தனக்குத்தானே என்று கேட்கிறார் என்பது பிறகு புரிந்தது. ரிப்போர்ட்டை நோயாளியிடம் விளக்குவது அனுப்பிய டாக்டரின் பொறுப்பு. நாளைக்கு அவரைப் பாருங்கள், அவர் சொல்வார் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க்கா."

அவர் வெளியே பார்த்தார். வயலில் தண்ணீர் நின்றிருந்தது. நடத்துனர் வந்தார், டிக்கெட் கொடுத்தார், போனார். அதன் பிறகுதான் அக்கா பேசினார்.

"எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுங்கம்மா. எங்க ஊட்டுக்காருக்கு இப்ப சொல்லாதீங்க."

நான் எதிர்பார்த்த பேச்சு அதுவல்ல. வழக்கமாகக் குடும்பத்தார் வந்து, நோயாளிக்குச் சொல்லாதீர்கள் என்பார்கள்.

"ஏன்க்கா?"

"அந்த ஸ்கேன் எடுத்துனு வந்த அன்னிலேர்ந்து அந்த ஆளு கடப் பக்கமே போவல. கை நடுங்குது, ராவெல்லாம் தூக்கம் வராம ஒக்காந்துனு இருக்குது, ஆனா போவல. மல்லாட்ட முழுக்க அவருதான் புடுங்கினாரு. என்ன வரப்புல ஒக்கார வெச்சிட்டாரு. காலையில அவரே டீ போட்டுக் குடுக்கறாருமா. சக்கர ஜாஸ்தியா போட்டுடறாரு, அது வேற." சிரித்தார். உடனே கண் கலங்கியது. "கல்யாணம் ஆன புதுசுல இருந்த ஆளு அது. எங்க போச்சின்னு இத்தினி வருஷமா தெரியல. இப்பதான் வந்துருக்குது. இதக் கேட்டா மறுபடி போயிடும்மா."

சொல்லாமல் வைத்திருக்க முடியாது, மருந்து ஆரம்பிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "நாளைக்கு நானே சொல்லிக்கறேன். நீங்க கூட இருங்க" என்றார்.

மறுநாள் என் அறையில்தான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "எனக்குத்தானாம். மாறலியாம்" என்றார். வீட்டுக்காரர் அழுது புரள்வார், சண்டை போடுவார் என்று நான் பயந்திருந்தேன். அவரோ என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டீவில காட்டறாங்களே, ஒருத்தர் ஈரல இன்னொருத்தருக்கு வெக்கலாம்னு. பாதி எடுத்தாலும் மறுபடி வளந்துடுமாம். எனுத எடுத்து வைங்க."

அவரை, அக்காவுக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் பொறுமையானவர். அந்த வாரம் எடுத்திருந்த புது சி.டி. படத்தைப் பார்த்துவிட்டு, கட்டி ஈரலின் முக்கிய இரத்தக் குழாய்க்குள் போய்விட்டது என்றார். அப்படி ஆன பிறகு அறுக்கவும் முடியாது, மாற்று ஈரல் வைப்பதிலும் பயனில்லை, திரும்ப வந்துவிடும். மாத்திரையால் கொஞ்ச நாள் அடக்கி வைக்கலாம். அதோடு, குடித்து வீங்கிய ஈரலை இப்போது யாரும் தானமாக எடுக்கவும் மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மைதான், ஆனாலும் தேவையில்லாமல் இருந்தது.

வராந்தாவில் வந்ததும் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார்.

"குடிக்காம இருந்திருந்தா குடுத்துருக்கலாமா?"

"இல்லண்ணா. குழாய்க்குள்ள போயிடுச்சின்னு சொன்னாரே. நீங்க குடிக்காம இருந்திருந்தாலும் வெக்க முடியாது. யாருடையதும் வெக்க முடியாது."

"இருந்தாலும்... குடிக்காம இருந்திருந்தா எடுத்துருப்பாங்கல்ல?"

"இந்த நோய்க்கு உங்க குடி காரணமே இல்ல. அது கிருமியால வந்தது."

அவருக்கு அது காதில் ஏறவில்லை. பிறகும் எத்தனையோ தடவை இதையே கேட்டார், இதையே சொன்னேன். தான் ஒன்று கொடுத்திருக்கலாம், கொடுக்க முடியாமல் ஆக்கிக்கொண்டோம் என்பது அவருக்குள் ஆணி அடித்தது போல உட்கார்ந்துவிட்டது.

எனக்கும் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தக் குழாய் முதல் ஸ்கேன் நாளில் எப்படி இருந்தது? மல்லாட்டை பிடுங்கின அந்த இடைவெளியில்தான் கட்டி உள்ளே போனதா? ஸ்கேன் டாக்டரிடம் கேட்டேன். அவர் பழைய படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இங்க ஒரு நிழல் மாதிரி இருக்கு. அப்பவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார். முதல் ஊசியிலேயே இன்னும் நாலு துணுக்கு வந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. அது யார் தவறும் இல்லை. ஊசி போன இடத்தில் என்ன இருந்ததோ அதுதான் வந்தது. தவறு என்று யாரையாவது காட்ட முடிந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். உள்ளங்காலும் கையும் எரிந்து தோல் உரிந்தது. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. பொங்கல் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தளம் போட்ட சின்ன மெத்தை வீடு, முன்னால் சிமெண்டுக் களம். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வயிறு உப்பியிருந்தது. வீட்டுக்காரர் அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு எழுந்து, டீ போட உள்ளே போனார்.

"எப்டி இருக்கீங்கக்கா?"

"எனக்கு இன்னா, ராணி மாதிரி இருக்கறேன். சோறு ஆக்கறாரு, துணி தொவைக்கறாரு. ஊரே வந்து வேடிக்க பாக்குது." பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு போயிடும்னு பயந்தேன் பாத்தீங்களா, போவல. குந்திக்குது கூடவே. ராத்திரில முழிச்சிப் பாத்தா என் மூஞ்சியவே பாத்துனு இருக்குது. மின்னாடியே இந்த ஆள எனக்குக் குடுத்திருக்கலாம்மா. ஒரு பத்து வருஷம் மின்னாடி. இப்ப வெச்சினு நான் இன்னா பண்றது?"

டீ வந்தது. சர்க்கரை அதிகம். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பங்குனி பிறந்தபோது இறந்துபோனார். கடைசி சில நாள் நினைவில்லாமல் இருந்தார் என்று மகள் போனில் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துப் போய் எரித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். களத்தில் பந்தல் போட்டிருந்தது. வீட்டுக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் சிலர் அவர் கையில் ஒரு பாட்டிலைத் திணிக்கப் பார்த்தார்கள், இன்றைக்காவது குடித்துவிட்டுத் தூங்கட்டும் என்று. அவர் வாங்கவில்லை. அன்று அவர் வாங்கியிருந்தால் நான்கூடத் தப்பாக நினைத்திருக்க மாட்டேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து லேபுக்கு வந்தார். சவரம் செய்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும் டாக்டரம்மா. அவகிட்டேர்ந்து ஊசில எடுத்தீங்களே, அந்தக் கண்ணாடி இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"அது அவ ஒடம்புதான?"

"ஆமாம்" என்றேன்.

"எல்லாத்தையும் எரிச்சிட்டோம். சாம்பலக் கரைச்சிட்டோம். இது மட்டும் இங்க நின்னுபோச்சேன்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது. குடுத்தீங்கன்னா அதையும் தண்ணில விட்டுட்டு வந்துடுவேன்."

ஸ்லைடுகளை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். இறந்துபோனவருடையதாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, சொன்னேன். மேல்சித்தாமூர்ப் பெண் அலமாரி அருகில் நின்று என்னையே பார்த்தாள். ஒன்றைக் கொடுத்துவிடலாமே என்று அவள் கண் சொன்னது. நான் இல்லை என்று தலையசைத்தேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "ஒரு தபா பாக்கலாமா?" என்றார்.

அவரை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். அந்தப் பெண் ஸ்லைடை எடுத்து வந்து வைத்தாள். எப்படிப் பார்ப்பது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். "கண்ண ரொம்பக் கிட்ட வெக்காதீங்கண்ணா. இப்ப தெரியுதா?" கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை என்றார். பிறகு தெரிந்துவிட்டது. மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"நீலமா இருக்குது."

"அது நாங்க போட்ட சாயம்."

"இதுல எது கெட்டது?"

அந்த ஸ்லைடில் இருந்தது எல்லாமே கெட்டதுதான். ஊசி கட்டிக்கு நடுவில் போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"நல்லதும் கெட்டதும் கலந்துதாண்ணா இருக்கும். பிரிச்சிப் பாக்கறது கஷ்டம்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். நான் திருத்தவில்லை. எழுந்தபோது, "சரி, இங்கயே இருக்கட்டும். எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாய்க்கு இருந்த கிருமி மகளுக்கும் இருக்கலாம் என்பதால் அவளைப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தோம். இருந்தது. ஆனால் அவள் ஈரல் இன்னும் கெடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறாள். சென்னையிலேயே எடுக்கலாம். ஆனால் எங்கள் ஸ்கேன் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று அவள் அப்பாவுக்குப் பிடிவாதம். அவள் செஞ்சிக்கு வந்து இறங்குவாள், இருவரும் காலை பஸ்ஸில் ஏறுவார்கள். "நைனா, நான் சின்னக் கொழந்தயா, நீ ஏன் கூட வர்ற?" என்று அவள் சலித்துக்கொள்வாள். அவர் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுப்பார்.

போன முறை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னதும், அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தான் குடியை விட்டு எவ்வளவு நாளாகிறது என்று சொல்லி, தன் ஈரல் இப்போது தேறியிருக்குமா என்று கேட்டார். தேறியிருக்கும் என்றேன். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மகளுக்கு எப்போதாவது தேவைப்பட்டால் கொடுப்பதற்கு. அப்படி ஒரு நாள் வராது, வராமல் இருக்கத்தான் மாத்திரை கொடுக்கிறோம் என்றேன்.

"வராதும்மா. வராது" என்றார். "சும்மா கேட்டு வெச்சிக்கலாம்னு."

மகள் வாசலில் நின்று கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் உள்ளே வந்து, அன்றைக்கு வந்திருந்த ஸ்லைடுகளைப் பார்க்க உட்கார்ந்தேன்.